பல்லைக் காப்பாத்துறதா, கழட்டிட்டு இம்பிளான்ட் போடுறதா? கொழும்பில இருக்கிறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு டொக்டர் "ரூட் கனால் பண்ணி கிரவுன் போட்டா பல்லு நிக்கும்" எண்டுறார், அடுத்த கிளினிக்கில "இதுக்கு காசு செலவழிச்சு வேலையில்ல, கழட்டிட்டு இம்பிளான்ட் போடுவம்" எண்டுறாங்க, வீட்ட வந்து சொன்னா கனடாவில இருக்கிற மாமா ஃபோன்ல வேற ஒண்டு சொல்லுவார். ரூட் கனால் எண்டா வேருக்குள்ள நரம்பு ஓடுற குழாயளச் (கனால்) சுத்தம் பண்ணி அடைக்கிறது, கிரவுன் எண்டா பல்லுக்கு மேல தொப்பி மாதிரிப் போடுற உறை, இம்பிளான்ட் எண்டா பல்லுப் போன இடத்தில எலும்புக்குள்ள ஸ்க்ரூ இறக்கிப் போடுற செயற்கைப் பல்லு. இதில எது சரி எண்டு கேட்டா, ரெண்டுமே நல்ல வைத்தியம்தான். "ரூட் கனால் நல்லதா இம்பிளான்ட் நல்லதா" எண்ட கேள்விக்கு யாராலயும் பதில் சொல்ல ஏலாது. "இந்தப் பல்லு, இந்த வாயில, இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் நிக்குமா" எண்டு கேட்டா பதில் கிடைக்கும். அந்தக் கேள்விய எப்பிடிக் கேக்கிறது, எந்த ஓடர்ல கேக்கிறது எண்டுதான் இங்க எழுதுறன்.

ஒரு விஷயத்த முதல்லயே மனசில வச்சுக்கொள்ளுங்க. காப்பாத்தின பல்லு பிறகு ஒரு நாள் பழுதாப் போனா அப்ப இம்பிளான்ட் போடலாம், ஆனா கழட்டின பல்லத் திருப்பி வைக்க ஏலாது. அதால சந்தேகம் இருந்தா பல்லுப் பக்கம் சாயுறதுதான் நியாயம். இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, அது கீழ வரும், அதயும் கட்டாயம் வாசிங்க.

படி 1: முதல்ல நோவ நிப்பாட்டுங்க, முடிவ பிறகு எடுங்க

ராத்திரி முழுக்க நித்திரையில்லாம கன்னத்தப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டு காலையில போய் "கழட்டி விடுங்க டொக்டர்" எண்டு கதிரையில சாயிறவங்கதான் எங்கட ஆக்கள்ல கனபேர். அந்த நேரத்தில எடுக்கிற முடிவு நோவு எடுக்கிற முடிவு. பல்லத் திறந்து உள்ள இருக்கிற நரம்ப எடுத்து மருந்து வச்சு தற்காலிகமா அடைச்சு விட்டாலே நோவு பெரும்பாலும் அடங்கிடும், யோசிக்க ரெண்டு மூண்டு கிழமை கிடைக்கும். ஃபார்மசியில அன்டிபயோட்டிக் மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு மாசக்கணக்கா இழுக்காதீங்க, செத்துப்போன நரம்புக்கு இரத்த ஓட்டம் இல்ல, மருந்து அங்க போய்ச் சேரவே சேராது, வீக்கம் வத்தும், காரணம் அப்பிடியே உள்ள இருக்கும்.

தாடைக்குக் கீழ, கழுத்துப் பக்கம் வீக்கம் பரவுது, காய்ச்சல், விழுங்க ஏலாது, வாய் திறக்க ஏலாது எண்டா சனல் பண்ணி டைம் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அது உயிருக்கே ஆபத்தான நிலைமை.

படி 2: முழுசாப் பரிசோதிக்கச் சொல்லுங்க

ஒரு ஓபிஜி எக்ஸ்ரேய மட்டும் லைட்டில பிடிச்சுப் பாத்திட்டு "கழட்டணும்" எண்டா அங்கயே தலையாட்ட வேண்டாம். ஓபிஜி வாய் முழுக்கக் காட்டும், ஒரு பல்லின்ட வேர் நுனிய நுணுக்கமாப் பாக்க அது போதாது. அந்தப் பல்லுக்கெண்டு வாய்க்குள்ள ஃபிலிம் வச்சு எடுக்கிற சின்ன எக்ஸ்ரே வேணும். அதோட குளிர் வச்சு நரம்பு உயிரோட இருக்கா எண்டு பாக்கிறது, தட்டிப் பாக்கிறது, கடிக்க வச்சுப் பாக்கிறது, ஆட்டிப் பாக்கிறது, முரசுக்குள்ள மெல்லிசான அளவுக் கம்பி விட்டுப் பல்லச் சுத்தி ஆழம் அளக்கிறது, இவ்வளவும் செய்ய பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான் போகும். எக்ஸ்ரேய உங்களுக்குக் காட்டி விளங்கப்படுத்தச் சொல்லுங்க, கொப்பி ஒண்டு ஃபோனுக்கு எடுத்துக்கொள்ளுங்க, வேற ஒருத்தரிட்ட கேக்கிறதெண்டா அது இல்லாமச் சரிவராது.

படி 3: பல்லு நிக்குமா? மூண்டு இடத்தப் பாருங்க

இந்த வழிகாட்டியில முக்கியமான பகுதி இதுதான், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுறன்.

முதலாவது, முரசுக்கு மேல எவ்வளவு பல்லு மிச்சம் இருக்கு. சூத்தை எல்லாத்தயும் சுரண்டி எடுத்த பிறகு சுத்திவர ஒரு 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல்லு நிக்கணும். இத ஃபெரூல் எண்டு சொல்லுவாங்க, பீப்பாயச் சுத்திப் போடுற இரும்பு வளையம் மாதிரி கிரவுன் இறுக்கிப் பிடிக்கிறது இந்த இடத்திலதான். இது இல்லாம வேருக்குள்ள போஸ்ட் எண்ட சின்னத் தண்டு ஒண்ட அடிச்சு மேல கிரவுன ஒட்டினா கொஞ்ச நாள் வடிவா இருக்கும், பிறகு கிரவுன் போஸ்டோட கழண்டு கையில வரும், இல்லாட்டி வேர் வெடிக்கும். ஆனா கவனிங்க, பழைய அடைப்பு இருக்கேக்க எவ்வளவு மிச்சம் எண்டு வெளியில இருந்து யாராலயும் சரியாச் சொல்ல ஏலாது. "பழைய அடைப்பயும் சூத்தையயும் எடுத்துப் பாத்திட்டு சொல்லுங்க டொக்டர், அதுக்குப் பிறகு முடிவெடுப்பம்" எண்டு நீங்களே கேக்கலாம். ரூட் கனால் முழுசா முடிச்சு காசும் கட்டின பிறகு "கிரவுன் பிடிக்க இடமில்ல" எண்டு கேள்விப்படுறத விட இது எவ்வளவோ மேல். கொஞ்சம்தான் குறையுது எண்டா முரசயும் எலும்பயும் சின்னதா வெட்டி இறக்கலாம், இல்லாட்டி கம்பி போட்டு பல்ல மெல்ல மேல இழுக்கலாம், ரெண்டும் நல்லா நடக்கிற வைத்தியங்கள்தான், செலவும் நேரமும் கூடும்.

ரெண்டாவது, பல்லச் சுத்தி எலும்பு எப்பிடி. அளவுக் கம்பி 3 மில்லிமீட்டர் வரைக்கும் போனா அது நல்ல முரசு. சுத்திவர 6, 7 எண்டு ஆழம் போய் பல்லும் ஆடுதெண்டா அது முரசு வருத்தம், அதுக்கு முதல்ல முரசு வைத்தியம் வேணும், ரூட் கனால் அந்த எலும்பத் திருப்பித் தராது. பல்லு பக்கவாட்டில மட்டும் இல்லாம மேலயும் கீழயும் அமுங்கி ஆடினா நம்பிக்கை குறைவு. ஒண்ட மட்டும் மறக்காதீங்க, முரசு வருத்தத்தால பல்லுப் போன வாயில அந்த வருத்தத்த அடக்காம இம்பிளான்ட் போட்டா, அதே கிருமி இம்பிளான்டச் சுத்தின எலும்பயும் தின்னும். "பல்லுக்குத்தானே வருத்தம், டைட்டேனியத்துக்கு என்ன வரப்போகுது" எண்டு நினைக்கிறவங்க நிறையப் பேர், அது பிழை.

மூண்டாவது, வேருக்குள்ள என்ன நடக்குது. இங்கதான் கனபேர் ஏமாறுறது. என்ட பெரியம்மாக்கு கீழ்க் கடைவாய்ப் பல்லு ஒண்டு, எப்பவோ ரூட் கனால் பண்ணினது, முரசில ஒரு சின்னக் கொப்புளம் வரும், உடைஞ்சு சீழ் வரும், காயும், பிறகும் வரும். போற இடமெல்லாம் அன்டிபயோட்டிக்தான் எழுதிக் குடுத்தாங்க. கடைசியா ஒரு டொக்டர் அளவுக் கம்பிய எடுத்து பல்லச் சுத்தி ஒவ்வொரு இடமா வச்சு நம்பரச் சத்தமாச் சொல்லச் சொல்ல நேர்ஸ் எழுதினா: மூண்டு, ரெண்டு, மூண்டு, மூண்டு, பிறகு ஒரே ஒரு இடத்தில கம்பி சட்டெண்டு உள்ள இறங்கி ஒம்பது. பக்கத்தில திரும்ப மூண்டு. எக்ஸ்ரேயில வேர் நுனியில இருந்து ஒரு பக்கமா மேல ஏறுற கறுப்பு நிழல், தூண்டில் கொக்கி வளைஞ்ச மாதிரி. வேர் நெடுக வெடிச்சிருந்தது. அப்பிடி நெடுக்கு வெடிப்பு எண்டா, முக்கியமா ஒரே ஒரு வேர் இருக்கிற பல்லெண்டா, எந்த ரூட் கனாலும் காப்பாத்தாது, கழட்டத்தான் வேணும். மேல சொன்ன விதிவிலக்கு இதுதான்: காப்பாத்த ஏலாத பல்ல சீழோட வருஷக்கணக்கா வச்சுக்கொண்டு இருந்தா சுத்தின எலும்பு கரைஞ்சுகொண்டே போகும், பிறகு இம்பிளான்ட் போட இடமில்லாம எலும்பு வைக்கிற சத்திரசிகிச்சையும் சேரும். பெரியம்மாக்கு அதுதான் நடந்தது. அந்தப் பரிசோதனைய முதல் தரமே யாராவது செஞ்சிருந்தா எண்டு இப்பவும் எனக்கு ஆறுதில்ல.

ஆனா பழைய ரூட் கனால் பழுதாப் போச்சு எண்டதுக்காக மட்டும் பல்லுக்கு ஆயுள் முடிஞ்சுதெண்டு அர்த்தமில்ல. மேல்த்தாடை முதல் கடைவாய்ப் பல்லில பெரும்பாலும் நாலாவதா ஒரு சின்ன கனால் இருக்கும், அது ஒளிஞ்சு கிடக்கும், கன இடத்தில அத விட்டிட்டு மூண்ட மட்டும் அடைச்சிருப்பாங்க. அத மைக்ரோஸ்கோப் வச்சுத் தேடித் திருப்பிச் செய்யலாம், அதுவும் சரிவராட்டி முரசத் திறந்து வேர் நுனிய மட்டும் வெட்டி அடைக்கலாம். "ஒருக்காச் செஞ்சது பிழைச்சிட்டு, இனி இம்பிளான்ட்தான்" எண்டு யாராவது சொன்னா, ஏன் பிழைச்சது எண்டு கேளுங்க. காரணம் தெரிஞ்சா அது திருத்தக்கூடியதா எண்டு தெரியும்.

படி 4: உங்கட உடம்பயும் கணக்கில எடுங்க

சீனி வருத்தம் இருந்தா எச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூண்டு மாசச் சீனி அளவக் காட்டுற இரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டோட போங்க, அது 8க்கு மேல நிக்குதெண்டா அவசரமில்லாத இம்பிளான்ட் வேலைய ஒத்திப்போட்டு முதல்ல சீனியக் கட்டுப்படுத்துறதுதான் நல்லது, இல்லாட்டி காயம் ஆறுறதும் எலும்பு பிடிக்கிறதும் கஷ்டம். சிகரெட் பத்துறவங்களுக்கு இம்பிளான்ட் பழுதாகிற வாய்ப்பு தெளிவாவே கூட.

எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் குளிசை போடுறவங்க, டெனோசுமாப் ஊசி அடிக்கிறவங்க, புற்றுநோய்க்கு எலும்பு மருந்து ஏத்துறவங்க, தாடைக்கு கதிர் வைத்தியம் எடுத்தவங்க, இவங்க எல்லாம் பல்லக் கழட்டுறதுக்கு முதல்லயே அந்த மருந்து தந்த டொக்டரிட்டயும் பல்லு டொக்டரிட்டயும் ரெண்டு பேரிட்டயும் சொல்லணும். பல்லுக் கழட்டின இடத்தில தாடை எலும்பு ஆறாம செத்துப்போற ஆபத்து இருக்கு. எலும்புத் தேய்வுக் குளிசையில ஆபத்து குறைவு, கதிரிலயும் புற்றுநோய் மருந்திலயும் ஆபத்து அதிகம். இவங்களுக்கு கிரவுன் போட ஏலாத பல்லக்கூட வேரச் சுத்தம் பண்ணி அடைச்சு முரசு மட்டத்துக்கு வெட்டி விட்டிடுறது நல்ல வழியா இருக்கலாம். வோஃபரின், குளோபிடோக்ரல் மாதிரி இரத்தம் கட்டாம இருக்கிற மருந்துகள உங்கட எண்ணத்துக்கு நிப்பாட்டாதீங்க, டொக்டர் சொன்னா மட்டும்.

வெத்தில பாக்கு போடுறவங்களுக்குத் தனியாச் சொல்ல வேணும். பாக்கால வாய்க்குள்ள தசை இறுகி வாய் திறக்கிறது குறைஞ்சிருந்தா பின்னுக்கு இருக்கிற கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கனால் கருவியும் போகாது, இம்பிளான்ட் ட்ரில்லும் போகாது. இலங்கையில ஆம்பிளைகளுக்கு வார புற்றுநோய்கள்ல வாய்ப்புற்றுநோய் முன்னுக்கு நிக்குது, அதால பல்லக் காட்டப் போற நேரம் கன்னத்துக்குள்ள, நாக்குக்குக் கீழ வெள்ளைத் தழும்பு, சிவப்புத் தழும்பு, ஆறாத புண் இருக்கா எண்டும் பாக்கச் சொல்லுங்க. பல்லப் பத்திக் கவலைப்பட்டுக்கொண்டு இத விட்டிடக் கூடாது.

வளர்ற பிள்ளையளுக்கு இம்பிளான்ட் இல்ல. தாடை வளந்து முடிய வேணும், பெட்டைப்பிள்ளையளுக்கு 18 வயதுக்குப் பிறகு, பொடியன்மாருக்கு இன்னும் ரெண்டு மூண்டு வருஷம் பொறுத்து. இல்லாட்டி பக்கத்துப் பல்லெல்லாம் கீழ இறங்கி வர இம்பிளான்ட் பல்லு மட்டும் மேலயே நிண்டுபோகும்.

படி 5: அது எந்தப் பல்லு?

ஞானப்பல்லெண்டா பெரும்பாலும் கழட்டிட்டு விட்டிடலாம், பதிலுக்கு ஒண்டும் தேவையில்ல. கடைசிக் கடைவாய்ப் பல்லெண்டா, மத்தப் பல்லெல்லாம் நல்லா இருந்து சாப்பிட ஏலுமெண்டா, கழட்டிட்டு சும்மா விடுறதும் ஒரு ஒழுங்கான தெரிவுதான், இத யாரும் வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க. முன்பல்லெண்டா கொஞ்சம் கூடப் போராடுங்க, ஏனெண்டா பல்லுப் போனா முன்பக்க மெல்லிசு எலும்பு கரையும், முரசு மேல ஏறும், சிரிக்கேக்க முரசு தெரியுறவங்களுக்கு இம்பிளான்ட் எவ்வளவு வடிவாப் போட்டாலும் பக்கத்துப் பல்லோட முரசு வரி ஒத்து வாறது கஷ்டம்.

படி 6: ரெண்டிலயும் உண்மையா என்ன நடக்குது

ரூட் கனால் ஒண்டு ரெண்டு மூண்டு தரம் போற வேலை, ஊசி போட்டாப் பிறகு நோகாது. பல்லச் சுத்தி ரப்பர் ஷீட் கட்டித்தான் செய்வீங்களா எண்டு முன்னமே கேளுங்க, எச்சில் உள்ள போனா கிருமியும் போகும், மருந்துத் தண்ணி தொண்டைக்குள்ள போகாமத் தடுக்கிறதும் அந்த ஷீட்தான். முடிஞ்சாப் பிறகு கடைவாய்ப் பல்லுக்கு கிரவுன் போடுறத தள்ளிப்போடாதீங்க. நோவு போச்சுது, காசு வரட்டும், தைப்பொங்கலுக்குப் பிறகு பாப்பம் எண்டு விட்டு, முறுக்கோ கச்சானோ கடிக்கேக்க பல்லு ரெண்டாப் பிளந்தாப் பிறகு அழுறதில பிரயோசனமில்ல.

இம்பிளான்டெண்டா தாடை எலும்புக்குள்ள டைட்டேனியம் ஸ்க்ரூ ஒண்ட இறக்கி, எலும்பு அதோட ஒட்டி வளர விட்டு, மேல கிரவுன் போடுறது. எலும்பு டைட்டேனியத்தோட இப்பிடிப் பிடிச்சுக்கொள்ளும் எண்டு கண்டுபிடிச்சு 1965இல சுவீடன்ல மனிசருக்கு முதல்ல போட்டது பெர்-இங்வார் பிரோனெமார்க், அதால இது புதுசா வந்த பரீட்சார்த்த வேலையில்ல. ஸ்க்ரூ இறக்கினதில இருந்து கிரவுன் வரைக்கும் பொதுவா 3 தொடக்கம் 6 மாசம் எடுக்கும், எலும்பு வைக்க வேண்டி வந்தா இன்னும் கூட. மேல் கடைவாயில சைனஸ் குழி (மூக்குக்குப் பக்கத்தில இருக்கிற காத்துக் குழி) கிட்ட இருந்தா அதத் தூக்கி எலும்பு வைக்கணும், கீழ்த் தாடையில உதட்டுக்குப் போற நரம்பு ஓடுது, அதில பட்டா உதடும் நாடியும் மரத்துப் போகும், அதாலதான் சிபிசிடி எண்ட முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்து அளந்திட்டுச் செய்யுறது.

எண்ணிக்கையப் பாத்தா, நல்லாப் போட்ட இம்பிளான்ட் 10 வருஷத்துக்குப் பிறகு நூத்துக்கு 95 அளவுல நிக்குது. ரூட் கனால், எக்ஸ்ரேயில வேர் நுனியில கறுப்பு நிழல் (எலும்பு கரைஞ்ச அடையாளம்) விழ முன்னமே செஞ்சா பத்துக்கு ஒம்பது அளவு சரிவரும், நிழல் இருந்தா கொஞ்சம் குறையும். ஆனா இந்த ரெண்டு நம்பரயும் பக்கத்தில வச்சு ஒப்பிட்டா பிழையான முடிவுதான் வரும். இம்பிளான்டில எண்ணுறது "வாயில இன்னும் இருக்கா" எண்டு, சுத்திவர முரசு சிவந்து இரத்தம் வந்தாலும் அது நிக்கிற கணக்குத்தான். ரூட் கனால்ல எண்ணுறது எக்ஸ்ரேயில முழுசா ஆறியிருக்கா எண்டு. ரெண்டையும் "வாயில இருக்கா" எண்ட ஒரே கேள்வி வச்சு ஒப்பிட்ட ஆய்வுகள்ல பெரிய வித்தியாசம் வரேல்ல. அதோட நிசப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில மெல்லிசான ஒரு நார்ப்படலம் இருக்கு, சோத்தில ஒரு கல்லு கடிபட்டா சட்டெண்டு வாய் நிக்கிறது அதாலதான். இம்பிளான்டில அது இல்ல, எவ்வளவு அமத்திக் கடிக்கிறம் எண்டு அவ்வளவாத் தெரியாது, அதால ராத்திரியில பல்லு நெருமுறவங்களுக்கு ஸ்க்ரூ லூசாகிறதும் கிரவுன் வெடிக்கிறதும் கூட.

படி 7: காசக் கணக்குப் பாக்கேக்க முழுக் கணக்கயும் பாருங்க

இங்க பிரைவேட்ல ஒரு இம்பிளான்ட் லட்சத்தத் தாண்டித்தான் நிக்கும், சாமான் எல்லாம் வெளிநாட்டில இருந்து வாறதால டொலர் ஏறினா அதுவும் ஏறும். "இம்பிளான்ட் இவ்வளவு" எண்டு போட்டிருக்கிற விலை கன நேரம் எலும்புக்குள்ள போற ஸ்க்ரூக்கு மட்டும்தான். ஸ்கேன், பல்லுக் கழட்டுறது, எலும்பு வைக்கிறது, ஸ்க்ரூக்கு மேல வாற அபட்மென்ட், கிரவுன், இவ்வளவயும் சேத்து எழுதித் தரச் சொல்லுங்க. ரூட் கனாலுக்கும் அப்பிடித்தான், அதோட உள் அடைப்பு, கிரவுன் ரெண்டயும் சேக்கணும். அப்பிடிப் பாத்தாலும் காப்பாத்துறதுதான் பெரும்பாலும் மலிவு, ஆனா மூண்டு வருஷத்தில கழட்ட வேண்டிய பல்லுக்கு அந்தக் காசக் கொட்டினா அது மலிவில்ல. அதாலதான் படி 3 முதல்ல, காசு பிறகு.

கை கட்டுப்படியாகாட்டி வோட் பிளேஸில இருக்கிற தேசிய பல் வைத்தியசாலை இருக்கு, அரசாங்க ஆஸ்பத்திரி, வெள்ளனப் போகணும், ரூட் கனாலுக்குக் காத்திருக்க வேண்டி வரும், ஆனா விசேட வைத்தியர்கள் அங்க இருக்கிறாங்க. பிரிட்ஜ் (பக்கத்துப் பல்லுகள அரைச்சு அதில தாங்க வைக்கிற கழட்டாத பல்லு), கழட்டிப் போடுற கட்டுப்பல்லு ரெண்டும் இன்னும் இருக்கிற தெரிவுகள்தான், பக்கத்துப் பல்லுகளுக்கு ஏற்கனவே பெரிய அடைப்பு இருந்தா பிரிட்ஜ் நல்லாவே பொருந்தும், நல்ல பக்கத்துப் பல்ல அதுக்காக அரைக்கிறதெண்டாத்தான் ரெண்டு தரம் யோசிக்கணும்.

படி 8: இன்னொருத்தரிட்டயும் கேளுங்க

இம்பிளான்ட் மட்டும் போடுற இடத்தில கேட்டா இம்பிளான்ட்தான் பதிலா வரும். ரெஸ்டோரேட்டிவ் டென்டிஸ்ட்ரி கொன்சல்டன்ட் ஒருத்தர சனல் பண்ணிக் காட்டுங்க, அவங்க ரூட் கனாலும் கிரவுனும் இம்பிளான்டும் மூண்டயும் தெரிஞ்சவங்க. யாரிட்டப் போனாலும் இலங்கை மருத்துவ சபையில பதிஞ்ச பல் வைத்தியரா எண்டு பாருங்க, பல்லுக் கட்டுறவங்க எண்ட பேரில பதிவில்லாம கதிரை போட்டு நடத்துறவங்களும் இருக்கிறாங்க. முதல் டொக்டர் கோவிப்பாரோ எண்டு வெக்கப்படாதீங்க, நல்ல டொக்டர் கோவிக்க மாட்டார். அவரிட்ட நேராவே கேளுங்க: "இது உங்கட அம்மாட பல்லெண்டா என்ன செய்வீங்க? காப்பாத்தினா எத்தின வருஷம் எதிர்பாக்கலாம்? பிழைச்சா அடுத்தது என்ன?"

படி 9: கழட்டுறதெண்டு முடிவானா

கழட்ட முன்னமே இம்பிளான்ட் திட்டம் கையில இருக்கணும். எலும்ப உடைக்காம, வேரப் பிரிச்சு மெல்லக் கழட்டச் சொல்லுங்க, குழிய எலும்புத் தூள் வச்சு நிரப்பினா பிறகு அகலம் குறையுறது கொஞ்சம் மட்டுப்படும். கழட்டிட்டு வருஷக்கணக்கா விட்டா முதல் வருஷத்திலயே அந்த இடத்தில எலும்பின்ட அகலம் பாதி வரைக்கும் போயிடலாம், எதிர்ப் பல்லு இறங்கும், பக்கத்துப் பல்லு சாயும்.

லண்டன்ல, டொரொன்டோவில இருந்து லீவுக்கு வந்து ரெண்டு கிழமையில எல்லாம் முடிச்சுக்கொண்டு போக நினைக்கிறவங்களும், இங்க இருந்து சென்னைக்குப் போய்ச் செய்யுறவங்களும் ஒண்ட யோசிக்க வேணும்: ஸ்க்ரூ லூசானா, முரசு வீங்கினா யார் பாக்கிறது? அதுக்கு ஆள் இருந்தா மட்டும் செய்யுங்க. எங்க போட்டாலும் இம்பிளான்டின்ட கம்பனிப் பேர், மொடல், அகலம், நீளம், லொட் நம்பர் இருக்கிற ஸ்டிக்கர் ஒட்டின அட்டை ஒண்டு தருவாங்க, தராட்டிக் கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு கம்பனிக்கும் ஸ்க்ரூ வேற, திருப்புற சாவி வேற, அந்த அட்டை இல்லாம இன்னொரு நாட்டில கிளினிக்குக்குப் போனா அவங்களுக்கு எக்ஸ்ரேயப் பாத்து ஊகிக்கிறத விட வழியில்ல. ஃபோட்டோ எடுத்து ஃபோன்லயும் ஈமெயில்லயும் வச்சுக்கொள்ளுங்க, பிறகு ஆறு மாசத்துக்கு ஒருக்கா செக்கப்புக்குப் போகேக்க காட்டுங்க, இம்பிளான்டச் சுத்தி இரத்தம் வந்தா நோவு இல்லாட்டியும் அந்த ஆறு மாசம் வரைக்கும் காத்திருக்காமப் போங்க.